பூட்டுக்கும் ஒரு பொட்டு

பையை இந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதீங்க. உங்களைச் சொல்லவில்லை. பின்னால் நிற்கிறானே, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, அவன் பாகாயத்தில் ஏறினதிலிருந்து என் பையையே பார்க்கிறான். உள்ளே ஒன்றும் இல்லை. முறுக்கும் இரண்டு முழம் கனகாம்பரமும்தான், மருமகளுக்கு. ஆனாலும் பார்க்கிறான் இல்லையா?

நீங்களும் ஆரணிதானா? நல்லதாகப் போயிற்று. என் மருமகளுக்கு அம்மா வீடு அங்கேதான். கோபித்துக்கொண்டு போய் முப்பத்தாறு நாள் ஆகிறது. பொங்கலுக்குள் அழைத்து வர வேண்டும். வருவாளோ மாட்டாளோ. அவளிடம் எனக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது. அதைப் போனில் கேட்க முடியாது, முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

என்ன சண்டை என்றுதானே பார்க்கிறீங்க? நகை இல்லை, சமையல் இல்லை. துப்பாக்கி.

பயப்படாதீங்க, திருட்டுத் துப்பாக்கி இல்லை. கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருபத்து நான்கு வருஷம் இருந்தவர். குடியாத்தம் பக்கம் எங்கள் ஊரில் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, பட்டாளத்தார் என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். ரிடையர் ஆகி வந்த பிறகு வேலூரில் ஒரு நகைக்கடைக்குக் காவல். அதற்குத்தான் துப்பாக்கி. முதலில் நீளமான இரட்டைக் குழல் வைத்திருந்தார். அது ஆணியில் தொங்கும். குண்டு பட்டாளத்து டிரங்குப் பெட்டியில் இருக்கும். அது ஓர் இடம், இது ஓர் இடம். பதினைந்து வருஷம் அப்படித்தான் இருந்தது. என் பிள்ளையும் பெண்ணும் அதன் கீழேயே வளர்ந்தார்கள், படித்தார்கள், அடித்துக்கொண்டார்கள். ஒரு நாள்கூட எனக்குப் பயம் வந்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் கடைக்காரருக்கு ஒரு யோசனை. அவ்வளவு பெரிய துப்பாக்கியோடு ஆள் நின்றால் கல்யாண நகை எடுக்க வருகிறவர்கள் மிரள்கிறார்கள், சின்னதாக ஒன்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சென்னைக்குப் போய் ஒரு ரிவால்வர் வாங்கினோம். நானும் கூடப் போனேன். எனக்கு அந்த விற்கிறவர் முகமே பிடிக்கவில்லை. ரொம்பச் சிரித்தார். என்னைப் பார்த்து, "பயப்படாதீங்கம்மா, இதுக்கு உள்ளேயே பூட்டு இருக்கு. தனியாப் பெட்டி வேணாம், பூட்டு வேணாம். சாவியைத் திருப்பிட்டீங்கன்னா விசை நகராது" என்றார். பக்கத்தில் சின்ன ஓட்டை காட்டினார். கம்மல் திருகாணி நுழைகிற அளவுதான்.

சாவி எத்தனை என்று கேட்டேன். இரண்டு என்றார். மூன்றாவது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார். சிரித்தாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. கவனிச்சீங்களா?

ஆனால் பூட்டு எனக்குப் பிடித்தது. பொய் சொல்லக் கூடாது. இரண்டு சாவியையும் நானே வாங்கிக்கொண்டேன். ஒன்று தாலிக் கொடியில், ஊக்கில் கோத்து. இன்னொன்று பூஜை அலமாரியில் பெருமாள் படத்துக்குப் பின்னால். காலையில் அவர் கையை நீட்டுவார், நான் பூட்டைத் திறந்து கொடுப்பேன். வேலை முடிந்து வந்ததும் கொடுப்பார், பூட்டி பீரோவில் வைப்பேன். அதன் பிறகு குண்டைத் தனியாக எடுத்து வைக்கிற பழக்கமே போய்விட்டது. பூட்டுதான் இருக்கிறதே என்பார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆறு குண்டும் அதற்குள்ளேயே இருக்கும், மேலே என் பூட்டு, அதற்கும் மேலே பெருமாள். வேறென்ன வேண்டும்?

எனக்கு யாரிடம் பயம் என்று சொல்கிறேன், உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்க. முதல் பயம் என் மகன் கமலக்கண்ணனிடம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல பிள்ளைதான், கோபம்தான் ஆகாது. கிரிக்கெட்டில் தோற்றதற்கு ரிமோட்டைச் சுவரில் அடித்தவன். இரண்டாவது பயம் மருமகள். சுபாஷிணி. அவள் கோபப்படவே மாட்டாள். அதுதான் பயம். குடியாத்தத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. நாள் முழுக்க ரத்தத்தைப் பார்த்துப் பழகினவள் மனசில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியுமா? அவரைப் பற்றி மட்டும் எனக்குப் பயமே இல்லை. பட்டாளத்துக்காரர், துப்பாக்கியோடு வாழ்ந்தவர்.

இந்த வருஷம் ஆயுத பூஜை அன்று எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன். அரிவாள்மனை, மிக்ஸி, மகன் வண்டிச் சாவி, மருமகளுடைய மைக்ராஸ்கோப் படம் போட்ட புத்தகம், நடுவில் இவர் துப்பாக்கி. எங்கள் வீட்டில் சந்தனம் நானே கல்லில் அரைப்பேன். கெட்டியாக இருந்தால்தான் பொட்டு நிற்கும். குழலுக்கு ஒரு பொட்டு, பிடிக்கு ஒரு பொட்டு. வீட்டில் வாசல் பூட்டு, பீரோ பூட்டு எல்லாவற்றுக்கும் வைக்கிற மாதிரி இந்தப் பூட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். நம்மைக் காப்பாற்றுவதே அதுதானே. ஓட்டை மேலேயே சந்தனத்தை அழுத்தி, மேலே குங்குமம். கண்ணன் சிரித்தான். மருமகள் மட்டும், "அத்தை, ஓட்டைக்குள்ள போகுது பாருங்க" என்றாள். பூஜை நேரத்தில் ஒரு குறை சொல்கிறாளே என்று எனக்கு வருத்தம்.

மறுநாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சாவி போட்டுத் திருப்பினேன். எப்போதும் கொஞ்சம் கனமாகத் திரும்பும். அன்றைக்கு வெண்ணெயில் திரும்பின மாதிரித் திரும்பியது. பூஜையின் பலன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தீபாவளி கழிந்ததும் கடையில் இவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, கை லேசாக ஆடுகிறது. ஏஜென்சியிலிருந்து வாட்டசாட்டமாக இரண்டு பேரைப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து துப்பாக்கியை என் கையில் கொடுத்தார், சட்டையைக் கழற்றி மாட்டினார், உட்கார்ந்தார். கடைக்காரரை ஒரு வார்த்தை திட்டவில்லை. நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

அதற்குப் பிறகு எவ்வளவு பொறுப்பாக இருந்தார் தெரியுமா? சொட்டிக்கொண்டிருந்த குழாயை எல்லாம் சரி செய்தார். கேஸ் நம்பர், கரண்ட் ஆபீஸ் நம்பர், டாக்டர் நம்பர் எல்லாவற்றையும் காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரிகிறதா என்று கேட்டுக்கேட்டு மாட்டினார். பட்டாளத்து மெடலைப் பெண்ணுக்கு அனுப்பினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்தார். ஒரு நாள் என்னிடம், "வேதா, நீ ஓசூர்ல பொண்ணு வீட்டுல ஒரு மாசம் போய் இருந்தா உனக்கு நல்லா இருக்கும்ல?" என்றார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. என் பெண்தான் ஏதோ வேலைக்கு ஆள் வேண்டும் என்று அப்பாவைத் தூது விடுகிறாள் என்று நினைத்தேன். போன் போட்டு அவளைச் சத்தம்கூடப் போட்டேன். அவள் அழுதாள்.

சாப்பாடு குறைந்தது. வயசு என்று நினைத்தேன்.

இந்த நேரத்தில்தான் மருமகள் துப்பாக்கிப் பேச்சை எடுத்தாள். "ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடலாம் அத்தை, மாமாதான் வேலைக்குப் போகலையே" என்றாள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. எதற்கு இவளுக்கு இவ்வளவு அக்கறை? பிறகு ஒரு நாள் பெருமாள் படத்துக்குப் பின்னால் இருந்த சாவி திரும்பிக் கிடந்தது. நான் எப்போதும் துவாரம் வலது பக்கம் வருகிற மாதிரிதான் வைப்பேன். யார் தொட்டது என்று கேட்டேன். "நான்தான் அத்தை, பூ மாத்தும்போது" என்றாள். உடனே ஒத்துக்கொண்டாள் பாருங்க. உடனே ஒத்துக்கொள்கிறவர்களை நான் நம்ப மாட்டேன்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன். இவர் கொல்லையில் தேங்காய் உரித்துக்கொண்டிருக்கிறார். பீரோ இருக்கிற அறையில் மருமகள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் துப்பாக்கி. அதில் குண்டு போடுகிற சக்கரம் இருக்கிறது இல்லையா, அது வெளியே வந்து தொங்குகிறது. போனில் ஏதோ வீடியோ வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் கையிலிருந்த துளசித் தீர்த்தம் கீழே கொட்டிவிட்டது.

"யாரைச் சுடறதுக்கு?" என்றேன்.

"அத்தை, கத்தாதீங்க, மாமா காதுல விழும். இது பூட்டலை. உங்க சாவி சும்மா சுத்துது."

"சாவி என் கழுத்துல இருக்கு. நான் பூட்டினது எனக்குத் தெரியாதா? நீ எதை விட்டுக் குடைஞ்ச?"

"நான் குடையலை அத்தை. பூட்டை விடுங்க, மாமாவைப் பாருங்க. ஒரு வாரமா அவர் முகத்தைப் பாருங்க."

தான் செய்ததை மறைக்க மாமாவை இழுக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம். வாயில் வந்ததைச் சொன்னேன். ரத்தம் பார்க்கிற கை என்றேன். அவள் சக்கரத்தை உள்ளே தள்ளி என்னிடம் கொடுத்தாள். அடுத்த அரை மணி நேரம் உள்ளேயே இருந்தாள், துணி எடுத்து வைக்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் ஆரணிக்கு பஸ் ஏறிவிட்டாள். நான் இன்னொரு முறை சாவி போட்டு, நன்றாகத் திருப்பி, பீரோவில் வைத்தேன். மகன் என்னோடு பேச்சை நிறுத்தினான். கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வான்.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம், வடைக்கு உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பேனா மூடியை அழுத்துகிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. எலியா என்று கேட்டுக்கொண்டே போய்ப் பார்த்தால், இவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கையில் அது. சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. மின்விசிறி ஓடுகிறது, மார்கழிக் குளிர் வேறு.

"என்னங்க பண்றீங்க?"

"எண்ணெய் போட்டேன்" என்றார்.

எண்ணெய்க் கிண்ணம் எங்கேயும் இல்லை. நான் கையை நீட்டினேன். சாப்பிட்ட தட்டைக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உளுந்துக் கையோடு அதை வாங்கிக்கொண்டு பெருமாள் முன்னால் போய் நின்றேன். என் பூட்டு காப்பாற்றியது என்றுதான் நினைத்தேன். இப்படிச் சொல்கிறேனே, அவர் என்ன செய்யப் பார்த்தார் என்று அந்த நிமிஷம்கூட நான் என் மனசுக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. நீங்களும் கேட்காதீங்க.

சாயங்காலம் கண்ணன் வந்ததும் 'டிக்' சத்தத்தைச் சொன்னேன். அவன் செருப்பைக் கழற்றாமல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். பெரியப்பா மகனை அப்பாவோடு உட்கார வைத்துவிட்டு என்னையும் கூட்டிப் போனான்.

அங்கே துப்பாக்கி தெரிந்த ஏட்டு ஒருவர் இருந்தார். சக்கரத்தைத் திறந்து பார்த்தார், பூட்டு ஓட்டையில் டார்ச் அடித்தார், குண்டூசியால் குடைந்தார். மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டி விழுந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "சந்தனமா?" என்றார்.

"ஆயுத பூஜைக்கு வச்சது" என்றேன்.

"அன்னியிலிருந்து இது பூட்டலைம்மா. சாவி சந்தனத்துலதான் சுத்தியிருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. மருமகள் சொன்ன அதே வார்த்தை. இந்த ஏட்டுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? "அப்போ ஏன் வெடிக்கலை?" என்று கேட்டேன்.

"பூட்டியிருந்தா 'டிக்'னு சத்தமே வராது. விசை நகர்ந்ததாலதான் சத்தம். வெடிக்காததுக்குக் காரணம், உள்ளே ஒண்ணுமே இல்லை. யாரோ முன்னாடியே குண்டை எடுத்திருக்காங்க."

கண்ணன் அங்கேயே நின்றுகொண்டு அவளுக்குப் போன் போட்டான். அவள் ஒரே வரிதான் சொன்னாளாம். பரண்மேல் கொலுப் பெட்டியில், செட்டியார் பொம்மையின் வயிற்றுக்குள், பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன் என்று. சக்கரம் வெளியே தொங்கியபோதே குண்டை எடுத்துவிட்டிருக்கிறாள். கிளம்புகிற அன்றைக்கு அரை மணி நேரம் உள்ளே இருந்தாளே, அதை ஒளித்து வைக்கத்தான். வீட்டுக்குப் போய் எடுத்துவந்தோம். ஆறும் இருந்தது. மேஜைமேல் வைக்கும்போது என் மகன் போலீஸ்காரர்கள் முன்னால் அழுதான். ரிமோட்டை உடைக்கிற பிள்ளை.

அந்த ஏட்டு நல்ல மனுஷர்தான். "பூட்டு இருக்கிறது நல்லதுதாம்மா, நான் வேணாம்னு சொல்லலை. பூட்டு இருக்குன்னு குண்டை உள்ளேயே விட்டீங்க பாருங்க, அங்கதான் தப்பு" என்றார். நான் அவரிடம், அந்தச் சென்னைக்காரர் சந்தனம் வைக்கக் கூடாது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கேட்காத மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டார்.

மறுநாளே கண்ணன் அப்பாவை வேலூருக்கு ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சரியாகிவிடும், கொஞ்ச நாள் தனியா விடாதீங்க என்று டாக்டர் சொன்னாராம். அதிலிருந்து நான் அவரைத் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாக விடுவதில்லை. நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டார்.

இப்போது கேள்வி என்னவென்று சொல்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் அவரோடு இருந்தவள் நான். இவள் வந்து மூன்று வருஷம். இவளுக்கு எப்படித் தெரிந்தது? அவர் என்னிடம் சொல்லாததை இவளிடம் சொன்னாரா? சொல்லியிருந்தால் இவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னாள் என்கிறீங்களா? மாமாவைப் பாருங்க என்றாள், அவ்வளவுதானே? அதைச் சொல்வதென்றால் சரியாகச் சொல்ல வேண்டாமா?

இருங்க, போன். அவள்தான். தானாகக் கூப்பிடுகிறாள் பாருங்க. கண்ணன் சொல்லியிருப்பான்.

சொல்லும்மா சுபா... ஆமா, பஸ்ஸுலதான். கணியம்பாடி வருது... உன்னைப் பார்க்கத்தான், வேற எதுக்கு... கண்ணனா? டூட்டிக்குப் போயிட்டான்... மாமா வீட்டுலதான் இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு... கூட யாரா? யாரும் இல்லை, நீ பயப்படாத, நான் அவரைத் தனியா விடலை. டாக்டர் சொன்ன மாதிரிதான். வெளிய போகாம வாசக்கதவைப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன், சாவி எங்கிட்டதான்... சுபா? லைன்ல இருக்கியா?

பேச்சைக் காணோம். டவர் இல்லையோ?

ஆங், கேட்குது. சொல்லு... ம்... ம்...

தனியா விடாதீங்க என்றால் கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று அர்த்தமாம். வெளியே விடாதே என்று இல்லையாம்... நான் காலை எட்டு மணிக்குப் பூட்டினது. இப்போ மணி என்ன? பத்தே முக்காலா? பெருமாளே.

சுபா, கேளு. என்ன பண்ணணும் சொல்லு, நான் கேட்கிறேன்... எதிர்வீட்டு டெய்லரம்மாவா? அவ எங்கிட்ட ஆறு மாசமாப் பேசறதில்லைம்மா, அவ தச்ச ஜாக்கெட்டை நான்... சரி. சரி, விடு. அவளையே போகச் சொல்லு. ஜன்னல் வழியா பேச்சுக் கொடுக்கச் சொல்லு. பூட்டை உடைக்கச் சொல்லு. கல்லை எடுத்து அடிக்கச் சொல்லும்மா, கதவு போனாப் போகட்டும்... நான் இங்கேயே இறங்கித் திரும்பிப் போறேன். நீயும் கிளம்பி வா... அதுக்கு முன்னாடி நீ அவருக்குப் போன் போடு. நீயே போடு. நான் போட்டா எடுக்க மாட்டாரு. நீ போட்டா எடுப்பாரு.

கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்க அம்மா, நான் இறங்க வேண்டும். கண்டக்டரே, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க.